வரட்சியில் இலைக்கு என்ன நேர்கிறது?

ஆடி மாதத்து நண்பகல். புது இடத்தில், கொட்டிலின் பக்கத்தில் நாம் நட்ட மிளகாய்க் கன்று வாடி நிற்கிறது. சற்றுத் தள்ளிக் காட்டிலே பாலை மரம் பச்சையாக நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஏன் இந்த வேறுபாடு? இதனை விளங்கிக்கொண்டால், தூரத்திலிருந்து சுமந்து வரும் ஒரு குடம் நீரை எந்தப் பயிருக்கு ஊற்றுவது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

தாகமும் பசியும்

பயிரின் சமையல் இலையில் நடக்கிறது. வேர் உறிஞ்சும் நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு, சூரிய ஒளியின் சக்தியால் இலை வெல்லத்தை ஆக்குகிறது. இதுவே ஒளித்தொகுப்பு. காபனீரொட்சைட்டு உள்ளே வருவது இலைவாய் எனப்படும் நுண்துளைகளினால். அதே துளைகளினால்தான் நீராவியும் வெளியேறுகிறது. மண் காயும்போது செடியில் அப்சிசிக் அமிலம் உண்டாகி, இலைவாய்களை மூடச் செய்கிறது. நீர் மிஞ்சுகிறது; ஆனால் காபனீரொட்சைட்டு வருவது குறைந்து சமையலும் குறைகிறது. ஆகவே வரட்சியில் செடிக்கு முதலில் தாகம், அதன் பின் பசி.

இடத்துக்கு ஒரு வழி

காடு: பாலை, வீரை போன்ற மரங்களின் வேர் ஆழமாகச் செல்லும், இலை தடித்தது. மேல்மண் காய்ந்த பின்பும் அவை உணவு ஆக்கும்.

வயல்: நெல்லின் வேர் ஆழமில்லை. நீர் குறைந்ததும் இலை சுருளும். கதிர் வெளிவரும் காலத்தில் இது நேர்ந்தால் பதர் மிகும்.

மேட்டுநிலம்: குரக்கன், இறுங்கு, சோளன் ஆகியவை காபனீரொட்சைட்டை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்துவன. இலைவாயைச் சிறிதளவு திறந்தாலே போதும். ஒரே அளவு விளைவுக்கு நெல்லைவிட ஏறத்தாழ அரைவாசி நீரே இவற்றுக்குச் செலவாகும். மரவள்ளியோ இலையை உதிர்த்துக் காத்திருந்து, மழை வந்ததும் துளிர்க்கும்.

பற்றை நிலம்: கள்ளி இரவிலே இலைவாயைத் திறக்கும். காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து, பகலில் வாயை மூடிக்கொண்டு சமைக்கும். அன்னாசியும் இப்படியே. நீர் மிச்சம், வளர்ச்சி மெதுவானது.

கடலேரிக் கரை: மழை பொய்த்தால் ஏரி நீரில் உப்புக் கூடும். வேருக்கு நீரை இழுப்பது கடினமாகும். நீரிலே நின்றபடியே கண்டல் மரம் இலைவாயை ஒடுக்கும்.

நாம் செய்யக்கூடியவை

நண்பகலில் வாடிய செடி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியற்காலையிலும் வாடியிருந்தால் அதற்கே முதலில் நீர் ஊற்றுவோம். பூக்கும், காய்க்கும் பயிருக்கு முன்னுரிமை கொடுப்போம். வெயில் ஏறுமுன்னரோ மாலையிலோ அடியில் ஊற்றி, சருகோ வைக்கோலோ பரப்புவோம். நீர் குறைந்த மேட்டுத் துண்டில் குரக்கனும் மரவள்ளியும் நடுவோம்.

சிந்திப்போம்

நம் ஊரில் எந்தப் பயிர் கோடையைத் தாங்கி நின்றது? எந்த விதையைப் பெரியவர்கள் அதற்கென எடுத்து வைத்தார்கள்? குடும்பமாக அமர்ந்து இவற்றைப் பேசி எழுதி வைப்போம். நிலத்தை விட்டு வந்தாலும் அந்த அறிவு நம்மோடு வந்திருக்கிறது.