பட்டினி கிடந்தால் உடல் இளைக்குமா?

ஏகாதசியன்று உண்ணாநோன்பு இருப்போரும், ரமலான் மாதம் முழுவதும் பகலில் நோன்பு நோற்போரும், தவக்காலத்தில் ஒரு வேளை உணவை விடுவோரும் நம்மிடையே என்றும் உண்டு. அவர்களுடைய நோக்கம் வழிபாடு. இந்நாளில் வேறு ஒரு நோக்கத்துடன் பலர் விரதம் இருக்கிறார்கள். உடல் எடையைக் குறைப்பதே அந்நோக்கம். நாளொன்றின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொண்டு, எஞ்சிய 16 மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் இருப்பது ஒரு முறை. வாரத்தில் 5 நாள் வழக்கம்போல் உண்டு, 2 நாள் மிகக் குறைவாக உண்பது மற்றொரு முறை. இவற்றை இடைவெளி விரதம் என்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாரேனும் இதைத் தொடங்கியிருக்கலாம். உங்கள் வகுப்பிலேயே, இளைக்க வேண்டும் என்று காலைச் சிற்றுண்டியை விட்டுவிட்டு வருபவர் இருக்கலாம். அவர்கள் செய்வது சரிதானா? இதற்கு விடை காண, உண்ணாதபோது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

டப்பா அரிசியும் குதிர் நெல்லும்

சோறு, இட்லி, சப்பாத்தி முதலியவற்றில் உள்ள மாவுப்பொருள் செரித்துக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் உதவியால் உடற்செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்கின்றன. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சிய குளுக்கோஸ், கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். அதற்கும் மேல் மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகத் தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் சேர்கிறது.

கிளைக்கோஜனைச் சமையலறை டப்பாவில் உள்ள அரிசிக்கு ஒப்பிடலாம். வேண்டும்போது உடனே எடுத்து உலையில் போடலாம். ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். கொழுப்பு, குதிரில் கொட்டி வைத்த நெல்லைப் போன்றது. நெடுநாள் வரும், ஆனால் எடுத்துப் பயன்படுத்தச் சிறிது வேலை உண்டு.

இரவு 8 மணிக்கு உண்ட பின் ஒருவர் ஒன்றும் உண்ணவில்லை என்று கொள்வோம். சில மணி நேரத்தில் இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. கணையம் சுரக்கும் மற்றொரு ஹார்மோனாகிய குளுக்ககான் கூடுகிறது. இது கல்லீரலின் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்துக்கு அனுப்பச் செய்கிறது. நம் மூளைக்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தசையில் உள்ள கிளைக்கோஜன் இதற்கு உதவாது. அதைக் குளுக்கோஸாக இரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை.

நேரம் ஆக ஆகக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் அதிகமாக வெளிவருகின்றன. ஏறக்குறைய ஒரு நாளில் கல்லீரலின் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்னர்க் கல்லீரல் கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்களை ஆக்கி மூளைக்குத் தருகிறது. அதோடு தசைப் புரதத்தின் ஒரு பகுதியும் சிதைந்து குளுக்கோஸாக மாறுகிறது. எனவே பட்டினியில் கரைவது கொழுப்பு மட்டும் அன்று.

எடைக்கருவி காட்டும் கணக்கு

விரதம் தொடங்கிய சில நாள்களிலேயே ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. அது உண்மையில் என்ன? ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. 300 கிராம் கிளைக்கோஜன் செலவானால் 900 கிராம் நீரும் வெளியேறும். ஆக, எடை 1 கிலோ 200 கிராம் குறைந்து காட்டும். இதில் கொழுப்பு ஒரு கிராமும் இல்லை! மீண்டும் நன்றாக உண்டதும் இந்த எடை திரும்பி வந்துவிடும்.

உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய வேண்டுமானால், சுமார் 7,700 கலோரி ஆற்றல் செலவாக வேண்டும். உணவுக் கணக்கில் கலோரி என்று வழங்குவது கிலோ கலோரியையே ஆகும். தேவையைவிட நாளொன்றுக்கு 350 கலோரி குறைவாக உண்பவருக்கு, தோராயமாக 22 நாளில் ஒரு கிலோ கொழுப்பு கரையும். இரவில் குதிரிலிருந்து எடுத்த நெல்லைப் பகலில் மீண்டும் கொட்டிவிட்டால் குதிர் காலியாகாது அல்லவா? அதுபோலவே, 16 மணி நேரம் பட்டினி கிடந்தாலும், மீதி 8 மணி நேரத்தில் பழைய அளவையே உண்டுவிட்டால் கொழுப்பு குறையாது.

எலியும் மனிதனும்

அப்படியானால் உண்ணும் நேரத்துக்குத் தனிப் பயன் எதுவும் இல்லையா? 2012-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சால்க் ஆய்வு நிலையத்தில், சச்சிதானந்த பாண்டா என்னும் அறிவியலரின் குழு சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. கொழுப்பு மிகுந்த ஒரே உணவு இரு கூட்டத்துக்கும் தரப்பட்டது. ஒரு கூட்டம் நாள் முழுவதும் உண்ணலாம். மற்றது 8 மணி நேரத்துக்குள் மட்டுமே உண்ணலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கலோரி உண்டன. ஆயினும் முதற் கூட்டம் பருத்தது. இரண்டாவது அவ்வாறு பருக்கவில்லை. இடைவெளி விரதம் உலகெங்கும் பரவ இந்த ஆய்வும் ஒரு காரணம்.

ஆனால் சுண்டெலி சிறிய விலங்கு. அது ஆற்றலை மிக விரைவாகச் செலவிடும். ஒரு நாள் உணவு இல்லாவிட்டால் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். அதற்குப் பொருந்துவது நமக்கும் பொருந்தும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

அந்தச் சோதனை சீனாவின் குவாங்சோ நகரில் நடந்தது. 2022-இல் அதன் முடிவு வெளிவந்தது. மிகுந்த உடற்பருமன் உடைய 139 பேரை இரு குழுவாகப் பிரித்தனர். எல்லாருக்கும் ஒரே கலோரி வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு குழு காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டது. மற்றக் குழுவுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓராண்டு முடிவில், சராசரியாக முதற் குழு 8 கிலோவும் இரண்டாம் குழு 6.3 கிலோவும் குறைந்திருந்தன.

'1.7 கிலோ வேறுபாடு இருக்கிறதே!' என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு குழுவிலும் சிலர் மிக அதிகமாகவும் சிலர் மிகக் குறைவாகவும் இளைத்திருந்தனர். அத்தகைய நிலையில் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும் என்பது புள்ளியியல் காட்டிய முடிவு. ஆகவே இளைக்கச் செய்தது கடிகாரம் அன்று, குறைவான உணவே. உண்ணும் நேரம் சுருங்கினால் நொறுக்குத் தீனி தானாகக் குறைவது சிலருக்கு எளிதாக இருக்கிறது. இம்முறையின் பயன் அதுவே.

தொடங்க விரும்பும் பெரியவர்களுக்கு

முதல் நாளே 16 மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரவு 8 மணிக்கு உணவை முடித்துக் காலை 8 மணிக்கு உண்டால் 12 மணி இடைவெளி கிடைத்துவிடும். சில வாரம் பழகிய பின் இதைச் சிறிது சிறிதாக நீட்டலாம். இடையில் தண்ணீர் தாராளமாகப் பருகலாம். உண்ணும்போது பருப்பு, சுண்டல், முட்டை, காய்கறி, கீரை ஆகியவை குறையாமல் பார்த்துக்கொண்டால் தசை இழப்பு குறையும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால் உடனே சர்க்கரையோ இனிப்பான பானமோ உட்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மாரும், முன்பே மெலிந்திருப்பவர்களும் இதில் இறங்கலாகாது.

மாணவர்களுக்கு மட்டும்

மாணவர்களே, உங்கள் கணக்கு வேறு. பெரியவர்களின் உடல் வளர்ந்து முடிந்தது, உங்களுடையது வளர்ந்துகொண்டிருப்பது. எலும்பில் சேர வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிச் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பருவத்தில் உணவு குறைந்தால் உயரமும் எலும்பின் வலிமையும் பாதிக்கப்படலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. இந்நிலையில் ஒரு வேளை உணவை விடுவது இருக்கும் குறையைப் பெருக்குவதே ஆகும்.

எடை உண்மையிலேயே கூடுதலா என்பதை உங்கள் வயதையும் உயரத்தையும் வைத்து மருத்துவர் கணித்துச் சொல்வார். கூடுதல் என்றால், இனிப்புப் பானங்களையும் பொரித்த தின்பண்டங்களையும் குறைத்துக்கொண்டு, மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடுங்கள். மூன்று வேளையும் உண்ணுங்கள். உணவை வீட்டுக்குத் தெரியாமல் தவிர்க்கும் தோழி ஒருத்தி இருந்தால், அவளைக் கேலி செய்யாமல், அவள் தாயிடமோ ஆசிரியையிடமோ பேசச் சொல்லுங்கள்.

விடை காணுங்கள்

1. 200 கிராம் கிளைக்கோஜன் செலவானால் எடைக்கருவியில் எவ்வளவு குறைவு தெரியும்?

2. ஒரு கிராம் கிளைக்கோஜனில் 4 கலோரி உண்டு. அந்த 200 கிராமுக்கு எத்தனை கலோரி? அதே கலோரி செலவில் எத்தனை கிராம் உடற்கொழுப்பு கரைந்திருக்கும்?

3. இரு விடைகளையும் ஒப்பிட்டு, முதல் வாரத்து எடைக் குறைவை ஏன் நம்பக்கூடாது என்று எழுதுங்கள்.