சீஸ் வடித்த தண்ணீரும் கடலைப் புண்ணாக்கும்

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் தினமும் பாலில் வே புரோட்டீன் பவுடர் கலந்து ஷேக் குடிக்கிறான். டப்பா மூவாயிரம் ரூபாய்க்கு மேல். "பன்னீர் செய்தால் வடிகிற தண்ணீர்தானே அது, அதையே குடியேன்" என்றால் சிரிக்கிறான். நான் சொன்னது தப்பா? (ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: பாதி சரி அம்மா. பால் திரிந்து கட்டி பிரிந்தபின் மிஞ்சும் தண்ணீருக்குத்தான் 'வே' என்று பெயர். பன்னீரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கீழே பாத்திரத்தில் பச்சை கலந்த மஞ்சளாகச் சொட்டுகிறதே, அதே சாதிதான். அந்த நிறம் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினுடையது. கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

ஆனால் மகன் தேடும் புரதம் அதில் சொற்பம். பாலிலுள்ள புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசீன், ஒரு பங்கு வே புரதம். நாம் பாலைக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டிலேயே எலுமிச்சை பிழிகிறோம். சூடு பட்ட வே புரதம் உருக்குலைந்து, கேசீனோடு ஒட்டிக்கொண்டு பன்னீருக்குள் போய்விடும். சீஸ்காரர்கள் பாலை 30 டிகிரி சொச்சத்தில் வெதுவெதுப்பாக வைத்து, ரென்னெட் என்ற நொதியை விட்டு உறையவைக்கிறார்கள். அங்கே வே புரதம் கலையாமல் தண்ணீரோடு வந்துவிடும். சீஸ் தொழில் பெரிதாக உள்ள நாடுகளிலிருந்தே இந்தத் தூள் நமக்குப் பெருமளவு இறக்குமதியாவதற்கு இதுவே காரணம்.

அந்த நாடுகளிலும் வெகுகாலம் அது வேண்டாத தண்ணீர்தான். பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் விட்டார்கள், ஆற்றில் கலந்து ஆற்றைக் கெடுத்தார்கள். 1970களில் சவ்வு வடிகட்டிகள் புழக்கத்துக்கு வந்தபிறகு, நீரையும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையையும் கழித்துப் புரதத்தை நிறுத்திக்கொள்ள முடிந்தது. 80 சதவீதம் வரை புரதம் இருந்தால் கான்சன்ட்ரேட், 90 அளவில் இருந்தால் ஐசோலேட். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஐசோலேட்டில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பது நிம்மதி. அதைத் தண்ணீரில் கலக்க வேண்டும். பாலில் கலந்தால் கூடுதல் விலை கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

கேள்வி: இந்தப் புரத ஆராய்ச்சியில் நம் ஊருக்குப் பங்கு ஏதும் உண்டா? (ஒரு வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: பெரிய பங்கு உண்டு. பசியோடு வந்த ஹொய்சள மன்னன் வீர பல்லாளனுக்கு ஒரு பாட்டி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்தகாளூரு' என்று பெயர் வந்தது என்பது ஊர் சொல்லும் கதை. பேகூர்க் கல்வெட்டில் பெங்களூரு என்ற பெயர் அதற்கு முன்பே இருப்பதால் கதை நிற்காது. ஆனால் பயறின் புரதத்தை ஆராய்ந்த ஊர் இது என்பது சரித்திரம்.

1933-இல் கமலா பாக்வத் என்ற பட்டதாரிப் பெண் இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்தார். பெண் என்பதால் இயக்குநர் சி.வி. ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனைக்காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அங்கே ஸ்ரீநிவாசய்யா என்பவரின் வழிகாட்டலில் பாலிலும் பயறுகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து 1936-இல் எம்.எஸ்சி. பெற்றார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்டவர் இவர்தான். டப்பா டப்பாவாகப் புரதம் விற்கும் இந்த ஊரில் அவர் பெயரைச் சொல்வார் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த வி. சுப்ரமணியன், 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அங்கே எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலையை மனிதர் உண்ணும் மாவாக்கினார்கள். முக்கால் பங்கு அந்த மாவு, கால் பங்கு கொண்டைக்கடலை மாவு, மேலே கால்சியம், வைட்டமின்கள். 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்று பெயர். புரதம் 40 சதவீதத்துக்கு மேல்! மாட்டுக்குப் போன புண்ணாக்கிலிருந்து, ஏழைக் குழந்தைக்கான புரத மாவு.

பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு ஊறியிருந்தது. கடலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வலியுறுத்தியதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: 'ஒரு ஸ்கூப்பில் 24 கிராம்' என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? நம்பி வாங்கலாமா? (ஒரு கல்லூரி மாணவர், ஜெயநகர்)

பதில்: டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்திலிருந்து. பார்லியில் எவ்வளவு புரதம் என்று அறிய 1883-இல் யோஹான் கெல்டால் ஒரு வழி கண்டுபிடித்தார். தானியத்தை அமிலத்தில் கரைத்து, நைட்ரஜனை அளந்து, சுமார் ஆறேகாலால் பெருக்கினால் புரதக் கணக்கு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. 2008-இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் கலந்தவர்கள் இந்த ஓட்டையில்தான் புகுந்தார்கள். கிளைசின், டாரின் என்ற மலிவான அமினோ அமிலங்களைத் தூவிப் புரதக் கணக்கை ஏற்றுவதும் இதே வித்தை. 2024-இல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையின் 36 புரதத் தூள்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் உள்ளிருந்தது லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் அஃப்ளடாக்சினும் இருந்தது.

ஆகவே டப்பாவைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். சேர்மானம் குறைவாக இருக்கட்டும். கிளைசின், டாரின் தனியே எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். மூலிகைக் கலவை சேர்த்ததும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உடலைப் பெருக்கப் புரதத் தூள் வேண்டாம் என்றே ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அவர்கள் கணக்கில் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம்.

வீட்டு ஷேக்குக்கு என் தேர்வு வேறு. பழைய மைசூர்ப் பக்கத்து ஊர்களில் 'ஹுரிஹிட்டு' உண்டு. ராகியை நனைத்து, ஈரம் வாங்கவிட்டு, காய்ந்த வாணலியில் போட்டால் வெள்ளையாகப் பொரியும். அதை அரைத்த மாவு அது. ஏற்கெனவே வெந்தது, அடுப்பு வேண்டாம். ராகியில் புரதம் 7 சதவீதம்தான், ஆனால் பயறில் குறைகிற மெதியோனின் அதில் உண்டு. அதனால் 30 கிராம் பொட்டுக்கடலை மாவு, 15 கிராம் வறுத்த வேர்க்கடலை, ஒரு கரண்டி ஹுரிஹிட்டு, கால் லிட்டர் பால் சேர்த்து மிக்சியில் அடித்தால் 18 கிராமுக்குக் குறையாது. வெல்லம் கடைசியில், ஒரு ஏலக்காயோடு. கடலையைப் போடுமுன் வாயில் ஒன்று போட்டுப் பாருங்கள், கசந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.