கொல்லைப்புறத்தில் விடைபெறும் விருந்தினர்

இளவேனிலைப் பறவைகள் வந்துசேரும் பருவமாகவே மேனாட்டு நூல்கள் பேசுகின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் பங்குனியில் புதுப்பறவைகளைத் தேடிப் புறப்படும் மாணவர் ஏமாற்றமே அடைவர். குளிர்நாடுகளுக்கு வரவாக அமையும் அக்காலம் நமக்குப் பிரிவுக்காலம். ஐப்பசியை ஒட்டி வந்து நம்மிடையே தங்கிய பறவைகள் அப்போதுதான் வடக்கே திரும்புகின்றன. இதனைப் பழம்புலவர் அறிந்திருந்தனர். சத்திமுற்றப் புலவர் தூதுவிடும் நாரை, குமரியில் நீராடியபின் துணையோடு வடதிசை செல்வதாகவே அத்தனிப்பாடல் அமைந்துள்ளது. அலகுக்குப் பனங்கிழங்கை உவமித்த திறத்தை வகுப்பில் வியந்து பாராட்டும் நாம், அவர் குறித்த திசையைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

வத்திராயிருப்பு வட்டாரத்துச் சுந்தரபாண்டியத்தில் நண்பர் ஒருவரது வீட்டுக் கொல்லையில் சில ஆண்டுகளாகப் பங்குனி மாதக் காலைகளைக் கழித்து வருகிறோம். முதிய புளி ஒன்று, வேம்பு இரண்டு, வேலியோரம் கல்யாண முருங்கை, கிணற்றடியில் சிறிது ஈரம். எல்லாவற்றினும் மேலாக, கூட்டப்படாத சருகு. அவ்வீட்டு அம்மையார் முழங்கால் வலியால் அப்பக்கம் துடைப்பம் எடுத்துச் செல்வதை விட்டுவிட்டார். பறவைகளுக்கு அது நன்மையாய் முடிந்தது.

விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற பறவை அச்சருகைப் புரட்டியே புழுபூச்சி தேடுகிறது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் உடைய அது, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டுவது. குளிர்காலத்தில் தென்னாட்டிலும் இலங்கையிலும் தங்குவது. அதே சருகில் கொடிக்கால் வாலாட்டியும் மேய்கிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். வெற்றிலைக் கொடிக்காலின் நிழலை விரும்பும் பறவைக்கு இப்பெயரிட்ட உழவர் எவரோ, நல்ல தமிழறிஞர்! முருங்கை பூத்த நாள்களில் சூறைக்குருவிகள் கூட்டமாய் இறங்கித் தேன் குடித்து இரைந்து செல்லும்.

நம்மைப் பெரிதும் வியக்கவைப்பது, வேலிப் புதரிலிருந்து ‘டக், டக்’ என ஒலிக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியே. 1841 முதல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளித்தின் பெயரைத் தாங்கியது அது. எடை சுமார் 12 கிராம். பின்லாந்து தொடங்கி சைபீரியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டுவது. பகற்பொழுது நீள நீள இதன் உடலில் மாற்றம் நிகழ்கிறது. ஓயாது தின்று, பயணத்துக்கு எரிபொருளாகக் கொழுப்பைச் சேர்க்கிறது. பாட்டின் துணுக்குகளையும் முணுமுணுக்கத் தொடங்குகிறது. பின்னர் ஓர் இரவில் புறப்பட்டுவிடுகிறது.

போன பறவை அதே இடத்துக்குத் திரும்புமா? சாலிம் அலி போன்றோர் பறவைகளின் காலில் வளையமிட்டு இத்தகைய வினாக்களை ஆராய்ந்தனர். பம்பாயில் வளையமிடப்பட்ட சாம்பல் வாலாட்டி ஒன்று, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே சிறு புல்தரைக்கே வந்துசேர்ந்தது. ஆகவே கொல்லை என்பது பறவைக்கு எங்கோ ஓரிடமன்று, அதன் முகவரி.

மேற்கே தெரியும் மலைக்காடு 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. காட்டுக்குச் சட்டம் காவல். கொல்லைக்கு உடையவர் மனமே காவல். சென்ற ஆண்டு பக்கத்து மனையில் புளியை வெட்டித் தரைக்குச் சிமெண்டுத் தளம் இட்டனர். அவர்களைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. மகளுக்கு மணம் முடித்துத் தனி அறை கட்டவேண்டியிருந்தது. ஆனால் அங்கு மேய்ந்த ஆறுமணிக்குருவி அதன்பின் இரு காலைகள் மட்டும் தளத்தின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுப் போனதைக் கண்டோம்.

பறவைகளைக் கவனிக்க விரும்பும் மாணவர் ஒன்று அறிதல் வேண்டும். வந்த நாளைக் குறிப்பது எளிது. சென்ற நாளைக் குறிப்பது அரிது. கடைசியாகக் கண்டபோது அதுவே கடைசி என்பது நமக்குத் தெரிவதில்லை. எனவே நாள்தோறும், காணாத நாளிலும், எழுதிவரல் வேண்டும். நம் ஏட்டின் இவ்வாண்டுப் பக்கம் இவ்வாறு முடிகிறது: சித்திரை 3, விடியலில் குரல், ஒருமுறை. சித்திரை 4, இல்லை. சித்திரை 5, இல்லை. சித்திரை 6, மழை, சருகு நனைந்திருந்தது, இல்லை.