ஹாங்காங்கில் இன்றும் தேர்தல் நடக்கிறதே?

கேள்வி: ஹாங்காங்கில் தேர்தல் நடக்கிறது, பத்திரிகைகளும் வருகின்றன. அப்புறம் ஏன் அங்கே ஜனநாயகம் பறிபோய்விட்டது என்கிறார்கள்?

பதில்: நடக்கிறது, சரி. யார் நிற்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2019 மாவட்டக் கவுன்சில் தேர்தலில் 71 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 18 கவுன்சில்களில் 17 ஜனநாயக ஆதரவாளர்களிடம் வந்தன. பெய்ஜிங் சும்மா இருக்கவில்லை. 2020 ஜூன் 30 இரவு தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் முழு வாசகத்தை மக்கள் பார்த்ததே அப்போதுதான். அடுத்த மாதம் எதிர்க்கட்சிகள் சட்டமன்றத் தேர்தலுக்கான தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்தின. ஆறு லட்சம் பேர் வந்தார்கள். அதையே அரசைக் கவிழ்க்கும் சதி என்று வழக்காக்கி, 45 பேருக்கு 2024இல் 4 முதல் 10 ஆண்டு வரை சிறை கொடுத்தார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சட்டமன்றத்தில் இப்போது 90 இடங்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 20 மட்டும். 2021இல் ஓட்டுப் போட்டவர்கள் 30 சதவீதம்தான்.

பத்திரிகையா? 2021 ஜூனில் 'ஆப்பிள் டெய்லி' நாளிதழின் அலுவலகத்துக்குள் சுமார் 500 போலீசார் நுழைந்து, நிருபர்களின் கணினிகளை அள்ளிப்போனார்கள். நிறுவனத்தின் கணக்குகள் முடக்கப்பட்டதால் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. ஜூன் 24 கடைசி இதழ், பத்து லட்சம் பிரதி அச்சானது. மோங்காக் பகுதிக் கடைகளில் நள்ளிரவிலேயே மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.