வேண்டாக் கடிதங்களும் பேயஸ் தேற்றமும்

மின்னஞ்சல் வைத்திருப்போர் அனைவரும் ‘ஸ்பேம்’ என்ற சொல்லை அறிவர்; அதன் பிறப்பை அறிந்தோர் சிலரே. அது அமெரிக்காவில் விற்கும் ஒரு டப்பா இறைச்சியின் பெயர். உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து நிற்பதாக, மான்ட்டி பைத்தன் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் 1970-இல் தொலைக்காட்சியில் நடித்துக் காட்டினர். கேளாமல் வரும் கடிதங்களுக்குப் பின்னாளில் அப்பெயரே நிலைத்துவிட்டது. கடிதமோ பெயருக்கு மூத்தது. 1978 மே மாதத்தில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தார் அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விளம்பரத்தையே முதல் ஸ்பேம் என்பர்.

எங்கள் துறையின் முன்னாள் மாணவர் சங்கத்திற்கு, வாடகைக்குப் பெற்ற சர்வரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு உண்டு. கட்டணம் செலுத்த இயலாத மாணவர்கள் உதவி கேட்டு எழுதுவது அதற்குத்தான். அதைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் உள்ளது. குப்பை பெருகவே, “வடிகட்டியை இன்னும் கடுமையாக்கு” என்றனர் உறுப்பினர் சிலர். நான் தயங்கினேன். தயக்கத்திற்குக் காரணம் கணிதம்.

இத்தகைய சர்வர்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்பேம் அசாசின் என்னும் நிரல். அது ஒவ்வொரு கடிதத்தையும் பல விதிகளால் சோதித்துப் புள்ளி இடுகிறது. கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் ஸ்பேம் என முத்திரை குத்துகிறது. விதிகளுள் ஒன்று பேயஸ் தேற்றத்தைப் பயன்படுத்துவது. 1761-இல் மறைந்த ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேயஸின் கட்டுரை 1763-இல் அச்சாயிற்று. தம் தேற்றம் அஞ்சல் பிரிக்கும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்!

நல்ல கடிதம் 100, வேண்டாதது 100 என்று கொள்வோம். ‘பரிசு’ என்ற சொல் வேண்டாதவற்றுள் 40-இலும் நல்லவற்றுள் 2-இலும் உள்ளது. புதிய கடிதத்தில் அச்சொல் இருந்தால், அது வேண்டாததாக இருப்பதற்கான நிகழ்தகவு 40/42, அதாவது 0.95. அதே கடிதத்தில் ‘பேராசிரியர்’ என்பதும் வருகிறது. அச்சொல் வேண்டாதவற்றுள் 1-இலும் நல்லவற்றுள் 20-இலும் உள்ளது. சொற்கள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், 40×1-க்கு எதிராக 2×20. நிகழ்தகவு சரிபாதிக்கு இறங்கிவிடுகிறது. (சாராதவை என்பது உண்மையன்று, ‘வங்கி’ வந்தால் ‘கணக்கு’ தொடர்ந்து வரத்தான் செய்யும். ஆயினும் இம்முறை நன்றாகவே பயன்படுகிறது.)

இப்போது உதவி கேட்கும் மாணவனின் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். பணம், அவசரம், உதவி, வங்கிக் கணக்கு – ஏமாற்றுக்காரன் கையாளும் சொற்களும் இவைதாமே! வரம்பை 5-லிருந்து 2-க்கு இறக்கினால் குப்பையோடு அவனும் போவான். நூறு குப்பை உள்ளே வந்தால் பத்து நிமிடம் வீண். அவன் கடிதம் ஒன்று போனால் ஓராண்டுப் படிப்பு வீண். ஆகவே வரம்பைத் தொடவில்லை. ஸ்பேமைத் தானாக அழிக்கும் வசதியை நிறுத்தி, தனிப் பெட்டியில் சேருமாறு செய்தேன்.

அடுத்தது கற்பித்தல். குறைந்தது 200 நல்ல கடிதமும் 200 ஸ்பேமும் கண்ட பிறகே பேயஸ் பகுதி வேலையைத் தொடங்கும். பழைய உதவி விண்ணப்பங்களையெல்லாம் நல்லவை என்று கற்பித்தேன். சில சர்வர்களில் கடிதத்தைப் பெட்டி மாற்றினாலே அது கற்றுக்கொள்ளும்; வேறு சிலவற்றில் அதற்கெனக் கட்டளை கொடுக்க வேண்டும்.

அனுப்புவோர் முகவரியை ஒவ்வொன்றாகத் தடுப்பதில் பெரும்பயன் இல்லை. அது பெரும்பாலும் பொய் முகவரி. இப்பொய்யைக் கண்டறியவே எஸ்பிஎஃப் என்னும் முறை இருக்கிறது. எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்பதை நாமே பொதுவில் பதிந்து வைக்கலாம். ஆனால் ஏமாற்றுக்காரனும் சொந்தப் பெயர் ஒன்றை வாங்கி முறையாகப் பதிய முடியும் என்பதை மறக்கலாகாது. நல்ல பயன் தந்தது வேறொன்று: இல்லாத பெயர்களுக்கு வரும் அஞ்சலையும் ஏற்கும் பொதுப்பெட்டியை மூடினேன். ஊகித்து அனுப்பப்பட்டவை அத்தோடு நின்றன.

ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறை ஒருவர் திறந்து பார்ப்பது எனச் சங்கத்தில் முடிவாயிற்று. கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் மட்டும் நாள்தோறும் பார்க்கிறோம்.