மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை மதிப்பிடும் முறை: அமெரிக்கச் சந்தை தரும் பாடம்

அரிசி, துணி போன்ற பண்டங்களை வாங்குபவர் அவற்றின் தரத்தைக் கண்ணால் கண்டும், கையால் தொட்டும் அறிந்துகொள்கிறார். மருத்துவக் காப்பீடு அத்தகைய பண்டம் அன்று. அதனை வாங்கும் நாளில் கையில் கிடைப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. அவ்வாக்குறுதியின் உண்மை மதிப்பு, நோய் வந்து மருத்துவமனைக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில்தான் வெளிப்படும். அந்நாளில் திட்டத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. எனவே, வாங்குவதற்கு முன்பே ஒரு நிறுவனத்தின் திட்டங்களை முறையாக மதிப்பிடும் பழக்கம் இன்றியமையாததாகிறது. இதற்கான ஒப்பீட்டு முறைகளைச் சட்டத்தின் மூலமே வகுத்துள்ள அமெரிக்க நாட்டின் காப்பீட்டுச் சந்தை ஆராயத்தக்கதொரு எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு இணைந்தே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. கூலியை உயர்த்த இயலாத முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாக வழங்கித் தொழிலாளரை ஈர்த்தனர். 1965ஆம் ஆண்டில் முதியோருக்கான மெடிகேர் திட்டமும், வறியோருக்கான மெடிகெய்டு திட்டமும் சட்டமாயின. இவை எவற்றிலும் சேராத சிறு வணிகர், தற்காலிகத் தொழிலாளர், தனித்தொழில் செய்வோர் ஆகியோர் தனிநபர் காப்பீட்டையே நம்ப வேண்டியிருந்தது. அச்சந்தையில், ஏற்கெனவே நோயுற்றிருப்போரைப் பல மாநிலங்களில் நிறுவனங்கள் ஏற்க மறுத்தன. அல்லது மிகுந்த பிரிமியம் கேட்டன.

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. காப்பீட்டை நாடி வருபவரின் உடல்நிலை அவருக்குத் தெரிந்த அளவுக்கு நிறுவனத்துக்குத் தெரியாது. எல்லோருக்கும் சராசரிப் பிரிமியம் விதித்தால் நோயுற்றோர் விரைந்து சேர்வர், உடல்நலமுள்ளோர் விலகுவர், அதனால் சராசரிச் செலவும் பிரிமியமும் மேலும் உயரும். தகவல் சமமின்மையால் சந்தை குலையும் இப்போக்கைக் கென்னத் ஆரோ 1963லும், ஜார்ஜ் அகர்லாஃப் 1970லும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகள் விளக்கின.

2010 மார்ச் 23 அன்று கையொப்பமான சட்டம் இச்சிக்கலுக்குத் தீர்வு காண முயன்றது. அதன்படி அமைந்த காப்பீட்டுச் சந்தைகள் 2013 அக்டோபரில் பதிவைத் தொடங்கின. காப்புறுதி 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நோயைக் காரணம் காட்டி எவரையும் மறுக்கக் கூடாது; பெண்களிடம் கூடுதல் பிரிமியம் பெறக் கூடாது; வயது, வசிக்கும் பகுதி, குடும்ப அளவு, புகையிலைப் பழக்கம் ஆகிய நான்கின் அடிப்படையிலேயே பிரிமியம் வேறுபடலாம் என்பன முக்கிய விதிகள். வயது வந்தோருள் முதியவருக்கான பிரிமியம் இளைஞருடையதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.

உலோகப் பெயர்களின் பொருள்

சந்தையில் விற்கப்படும் திட்டங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இப்பெயர்கள் மருத்துவத்தின் தரத்தைக் குறிப்பவை அல்ல. சராசரியான மக்கள்தொகையின் மருத்துவச் செலவில் நிறுவனம் ஏற்கும் பங்கையே அவை குறிக்கின்றன. வெண்கலத் திட்டத்தில் அப்பங்கு ஏறத்தாழ 60 சதவீதம், வெள்ளியில் 70, தங்கத்தில் 80, பிளாட்டினத்தில் 90. எஞ்சிய பகுதி காப்பீடு பெற்றோரைச் சாரும். எல்லாத் திட்டங்களும் மருத்துவமனைச் சிகிச்சை, அவசரச் சிகிச்சை, மகப்பேறு, மனநல மருத்துவம், மருந்துகள் உள்ளிட்ட பத்து வகை அடிப்படைச் சேவைகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

ஒரு திட்டத்தின் செலவை மதிப்பிட நான்கு எண்கள் தேவை. முதலாவது, நோய் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் செலுத்தும் பிரிமியம். இரண்டாவது, நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நோயாளி தாமே செலவிட வேண்டிய தொகை. இது டிடக்டபிள் எனப்படும். மூன்றாவது, அதற்குப் பின் ஒவ்வொரு செலவிலும் நோயாளி ஏற்கும் பங்கு. நான்காவது, ஓராண்டில் நோயாளி தம் கையிலிருந்து செலுத்த வேண்டிய உச்ச வரம்பு. இவ்வரம்பைக் கடந்த பின், திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கான முழுச் செலவும் நிறுவனத்தையே சாரும். சட்டம் அனுமதிக்கும் இந்த உச்ச வரம்பு 2014இல் தனிநபருக்கு 6,350 டாலராக இருந்தது. 2025இல் 9,200 டாலராக உயர்ந்தது.

ஒரு கணக்கு

இந்நான்கு எண்களையும் இணைத்துப் பார்க்கும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரே நிறுவனம் ஒரே வயதினருக்கு இரு திட்டங்களை விற்கிறது எனக் கொள்வோம். வெண்கலத் திட்டத்தின் மாதப் பிரிமியம் 400 டாலர்; டிடக்டபிள் 7,000; அதன்பின் நோயாளியின் பங்கு 40 சதவீதம்; உச்ச வரம்பு 9,000. தங்கத் திட்டத்தின் மாதப் பிரிமியம் 560 டாலர், டிடக்டபிள் 1,500, நோயாளியின் பங்கு 20 சதவீதம், உச்ச வரம்பு 7,000.

ஆண்டு முழுதும் மருத்துவச் செலவே இல்லாவிடில், வெண்கலத்தில் மொத்தச் செலவு 4,800 டாலர், தங்கத்தில் 6,720. வெண்கலமே மலிவு. மருத்துவச் செலவு 3,000 டாலரானால், வெண்கலத்தில் 7,800, தங்கத்தில் 8,520. இன்னும் வெண்கலமே மலிவு. செலவு 6,000 டாலரானால் நிலைமை மாறுகிறது: வெண்கலத்தில் 10,800, தங்கத்தில் 9,120. பெரும் அறுவைச் சிகிச்சையால் செலவு 50,000 டாலரை எட்டினால், இரு திட்டங்களிலும் உச்ச வரம்பு குறுக்கிட்டு, மொத்தம் முறையே 13,800, 13,720 என ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது.

இக்கணக்கில் இரு திட்டங்களும் சமமாகும் இடம் 3,900 டாலர் மருத்துவச் செலவாகும். அதற்குக் கீழே வெண்கலமும், மேலே தங்கமும் சிக்கனமானவை. கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. பெரும் விபத்தை அஞ்சியே மக்கள் உயர்ந்த திட்டத்தை வாங்குவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இங்கே பெரும் செலவில் வேறுபாடு மறைந்துபோகிறது. நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நெடுநாள் நோய்களால் ஆண்டுதோறும் நேரும் நடுத்தரச் செலவிலேயே வேறுபாடு மிகுதி. ஆகவே, கடந்த ஈராண்டு மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனைச் செலவுகளையும் கூட்டிப் பார்ப்பதே திட்டத் தேர்வின் முதற்படி.

மொத்தக் கணக்கோடு கைப்பணமும் கருதத்தக்கது. பிரிமியம் மாதந்தோறும் சிறு தொகையாகச் செல்கிறது; டிடக்டபிளோ நோய் வந்த வாரத்திலேயே மொத்தமாகத் தேவைப்படும். 7,000 டாலர் சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கு வெண்கலத் திட்டம் பெயரளவில் காப்பீடு. நடைமுறையில் சிகிச்சையை ஒத்திப்போடும் காரணம். 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரும் ஆய்வு, நோயாளியின் செலவுப் பங்கு உயர்ந்தபோது தேவையற்ற சிகிச்சை மட்டுமன்றித் தேவையான சிகிச்சையும் குறைந்ததைக் காட்டியது.

அரசு உதவியும் வெள்ளியின் தனியிடமும்

வருமானத்துக்கு ஏற்பப் பிரிமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. அப்பகுதியில் கிடைக்கும் வெள்ளித் திட்டங்களில் இரண்டாவது மலிவான திட்டத்தின் பிரிமியமே இவ்வுதவிக்கு அளவுகோல். இதன்றி, வறுமைக் கோட்டு வருமானத்தைப் போல் இரண்டரை மடங்கு வரை பெறுவோருக்கு, டிடக்டபிளும் பிற செலவுப் பங்கும் குறைக்கப்படுகின்றன. ஆனால் இச்சலுகை வெள்ளித் திட்டத்தை வாங்கியோருக்கு மட்டுமே உரியது. அவர்களுள் மிகக் குறைந்த வருமானப் பிரிவினருக்கு வெள்ளித் திட்டத்தின் 70 சதவீதக் காப்பு 94 சதவீதமாக உயர்கிறது. அதாவது பிளாட்டினத்தையும் மிஞ்சுகிறது.

அரசு உதவியைக் கழித்தபின் பிரிமியமே இல்லாத வெண்கலத் திட்டம் கிடைப்பதைக் கண்டு, சில டாலர்களுக்காக வெள்ளியைத் தவிர்க்கும் ஏழைத் தொழிலாளி, அறியாமலே ஆயிரக்கணக்கான டாலர் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பிரிமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதன் தீங்குக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அரசு உதவியின் நிலைத்தன்மையும் கருதற்குரியது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிமிய உதவி தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 2025 இறுதிவரை நீட்டித்தது. 2020இல் ஒரு கோடியே பதினான்கு லட்சம் அளவில் இருந்த சந்தைப் பதிவுகள் 2025இல் இரண்டு கோடியே நாற்பது லட்சத்தைக் கடந்தன. இவ்வுதவியை மேலும் நீட்டிப்பது குறித்து எழுந்த கருத்து வேறுபாடு, 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை கூட்டரசின் பல அலுவலகங்கள் மூடப்பட்டதற்கு முக்கியக் காரணமாயிற்று. மலிவு என்பது நிறுவனத்தின் திறமையால் வந்ததா, அரசு நிதியால் வந்ததா எனப் பிரித்தறிவது திட்டமிடுவோருக்கு அவசியம் என்பதை இது உணர்த்துகிறது.

நிறுவனத்தை மதிப்பிடுதல்

திட்டத்தின் எண்கள் மட்டும் போதா. அதனை விற்கும் நிறுவனமும் ஆராயப்பட வேண்டும். முதலாவதாக, எந்த மருத்துவர்களும் மருத்துவமனைகளும் நிறுவனத்தின் பட்டியலில் உள்ளனர் என்பது. பிரிமியத்தைக் குறைக்க நிறுவனங்கள் கையாளும் பொதுவான வழி பட்டியலைச் சுருக்குவதாகும். பட்டியலுக்கு வெளியே பெறும் சிகிச்சைச் செலவு பல திட்டங்களில் உச்ச வரம்புக் கணக்கில் சேராது. இரண்டாவதாக, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து நிறுவனத்தின் மருந்துப் பட்டியலில் எந்தப் படியில் வைக்கப்பட்டுள்ளது என்பது. மூன்றாவதாக, கோரிக்கைகளை நிறுவனம் மறுக்கும் விகிதம். இது நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் வேறுபடுகிறது.

நான்காவதாக, பிரிமிய வருவாயில் எவ்வளவு பங்கு சிகிச்சைக்குச் செல்கிறது என்பது. தனிநபர் திட்டங்களில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவிடப்பட வேண்டும். குறைந்தால் எஞ்சியதை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஐந்தாவதாக, நிறுவனத்தின் நிதி வலிமை. அச்சட்டத்தின்கீழ் தொடங்கப்பட்ட 23 கூட்டுறவுக் காப்பீட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. செலவுக்குப் போதாத பிரிமியம் வாங்குபவருக்கு முதலாண்டில் இலாபம்; பின்னர் வேறு நிறுவனத்தைத் தேடும் தொல்லை.

இந்தியாவுக்குரிய சிந்தனை

இந்தியாவில் மெடிக்ளெய்ம் என்னும் திட்டம் 1986இல் அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்களால் அறிமுகமாயிற்று. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுமுறைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘பீமா சுகம்’ என்னும் மின்னணுக் காப்பீட்டுச் சந்தைக்கான விதிமுறைகள் 2024இல் அறிவிக்கப்பட்டன. சந்தை முறை இங்கும் வேரூன்றும் காலத்தில், அமெரிக்க அனுபவம் பயன் தரும்; ஆனால் அப்படியே பெயர்த்துக்கொள்ளத் தக்கதன்று.

அடிப்படை வேறுபாடு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே ஆண்டு உச்ச வரம்பு நோயாளியின் செலவுக்கு. அதற்கு மேற்பட்டதை நிறுவனம் ஏற்கிறது. இங்கே காப்புத் தொகை என்பது நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு. அதற்கு மேற்பட்டதை நோயாளி ஏற்கிறார். எனவே இந்தியத் திட்டங்களை மதிப்பிடுகையில் காப்புத் தொகை போதுமானதா என்பதே முதற்கேள்வி. அடுத்து, அறை வாடகை வரம்பு, நோயாளியின் பங்கு, வெளிநோயாளிச் செலவு அடங்குமா என்பது, முன்பிருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இக்காத்திருப்புக் காலத்தின் உச்ச அளவு நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாக 2024இல் குறைக்கப்பட்டது.

அறை வாடகை வரம்பு சிறிய விதியாகத் தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ளவர் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், பல திட்டங்களில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைத்தே வழங்கப்படும். காப்புத் தொகை மிச்சமிருந்தும் நோயாளி கடன் வாங்க நேரும்.

முடிவாக, காப்பீட்டுச் சந்தையின் வெற்றி, விற்கப்பட்ட பத்திரங்களின் எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று. நோயுற்ற ஆண்டில் ஒரு குடும்பம் பிரிமியத்தோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவிட்டது, சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் பெற முடிந்ததா என்பனவே சரியான அளவுகோல்கள். ஒவ்வொரு திட்டத்தோடும், நோயற்ற ஆண்டு, நெடுநாள் நோய் ஆண்டு, பெருநோய் ஆண்டு ஆகிய மூன்றிலும் ஆகும் மொத்தச் செலவை எளிய தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு உருவானால், சாதாரண மக்களும் தெளிந்து தேர்வு செய்ய இயலும். மக்கள் படித்துப் புரிந்துகொள்ள முடியாத திட்டம் எவ்வளவு மலிவாயினும், அது அவர்களுக்குப் பாதுகாப்பாக அமையாது.