மங்கில் உறையும் பால்

தெலுக் இந்தானைச் சுற்றி இன்று எங்குப் பார்த்தாலும் செம்பனைதான். அவ்வூருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்த காலத்தில், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. அப்படியொரு தோட்டத்தில் என் பாட்டி பால் வெட்டினார். மரத்தில் உளி வைக்கும் முன் ஒவ்வொரு மங்கையும் துடைப்பார். “மங்கு அழுக்கா இருந்தா பால் கட்டிப் போயிரும், கட்டிப் போனா கூலி போச்சு” என்பார். மங்கிலேயே உறைந்த பால் ஒட்டுப்பால் ஆகிவிடும். அதற்குக் கூலி குறைவு.

அழுக்கு மங்குக்கும் பால் உறைவதற்கும் என்ன தொடர்பு? படிவம் ஐந்து வேதியியல் பாடத்தில் வரும் ஓர் எளிய சோதனை இதற்கு விடை தருகிறது.

மூன்று முகவைகளில் சம அளவு ரப்பர் பாலை ஊற்றுங்கள். முதல் முகவையில் நீர்த்த எத்தனோயிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கண்ணாடிக் கோலால் கலக்குங்கள். இரண்டாவதில் அம்மோனியா கரைசலைச் சேருங்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிடுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும், ஆகவே சன்னல்களைத் திறந்து வைப்பது நல்லது.

முதல் முகவையில் பால் விரைவிலேயே திரண்டு வெள்ளைக் கட்டியாகிறது. மூன்றாவது மறுநாள் காலையில்தான் உறைந்திருக்கும். இரண்டாவது மட்டும் நீர்மமாகவே இருக்கும்.

ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். ரப்பர் அந்நீரில் கரைந்திருப்பதில்லை, நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் மூடியிருக்கிறது. அப்படலத்தின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை படலத்தின் எதிர்மின்னூட்டத்தைச் சமன் செய்தவுடன் துகள்கள் மோதுகின்றன, படலம் உடைகிறது, உள்ளிருந்த நீண்ட ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தோட்டத்து ஆலைகளில் இதே வேலைக்கு ஃபார்மிக் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். சில எறும்புகள் கடிக்கும்போது சுரீரென்று எரிய வைப்பதும் அந்த அமிலம்தான்.

மூன்றாவது முகவையில் யாரும் அமிலம் ஊற்றவில்லையே! காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்த பாக்டீரியாக்கள் பாலில் பெருகி, தாமே அமிலத்தை உண்டாக்குகின்றன. துடைக்காத மங்கில் அவை முன்னதாகவே குடியிருக்கும். பாட்டி துடைத்தது அவற்றைத்தான். அம்மோனியா காரத்தன்மை உடையது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை அது நடுநிலையாக்கிவிடுகிறது. பாலை நெடுந்தூரம் கொண்டுசெல்பவர்கள் அதில் அம்மோனியா கலப்பது இதற்காகத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களுக்குக் கிடைக்கும் பாலில் ஏற்கெனவே அம்மோனியா கலந்திருந்தால் மூன்றாவது முகவை மறுநாளும் உறையாது. முதல் முகவைக்கும் கூடுதல் அமிலம் தேவைப்படும். சோதனை தவறிவிட்டதென்று எண்ணிப் பாலைக் கொட்டிவிடாதீர்கள். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். அது நீலமாக மாறினால் காரணம் விளங்கிவிடும்.

ரப்பர் பால் கிடைக்காதவர்கள் வீட்டில் அரைக் குவளைப் பசும்பாலை மிதமாகச் சூடாக்கி எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடலாம். பசும்பாலின் புரதத் துகள்களுக்கும் எதிர்மின்னூட்டம் உண்டு; அவையும் அமிலம் பட்டதும் திரளும். எத்தனையாவது சொட்டில் திரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராவது மூன்றாவது முகவையின் கதைதான்.

மறுநாள் அந்த முகவையின் மூடியைத் திறந்தால் புளித்த வாடை வீசும். மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுவார்கள். எனக்கு அது பழகிய வாடை. பாட்டி வேலைக்குப் போட்டுச் சென்ற சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அது போனதில்லை.